எர்த் வயர் அறுந்தாலும் கேத்தல் கொதிக்கும்

கேத்தல்ட வயருக்குள்ள மூண்டு கம்பி போகுது. கரண்ட் கொண்டு வாற பிரவுன் கம்பி, லைவ், அறுந்தா கேத்தல் கொதிக்காது, கரண்ட் திரும்பிப் போற நீலம், நியூட்ரல், அறுந்தாலும் கொதிக்காது, ரெண்டும் உடன தெரிஞ்சிரும், கடைக்குக் கொண்டு போய்க் குடுத்துச் செய்விச்சிருவம். பச்சையில மஞ்சள் கோடு போட்ட மூண்டாவது கம்பி, எர்த், அறுந்தா என்ன நடக்கும் எண்டு கேட்டா, ஒண்டுமே நடக்காது. கேத்தல் கொதிக்கும், தேத்தண்ணி ஊத்தலாம், அடுத்த வருஷமும் கொதிக்கும். எலிமென்ட் வெடிச்சோ உள்ள ஒரு வயர் தேய்ஞ்சோ கரண்ட் பொடிக்கு, அதாவது சாமானிட வெளி உலோகத்துக்கு, வர்ற அண்டைக்குத் தான் அந்தக் கம்பி இல்லாதது தெரியவரும், அதுவும் தொட்ட கைக்குத் தான் தெரியவரும். இத முன்னுக்கே கண்டுபிடிக்க ஒரே வழி ஆராவது ஒராள் குந்தியிருந்து டெஸ்ட் பண்றது மட்டும் தான். எங்கட ஊரில அப்பிடிச் செய்யிற வீட்டையோ கடையையோ நான் பெரிசாக் கண்டதில்ல, அதால தான் இவ்வளவு நீட்டா எழுதுறன்.

நான் கட்டாரில மெயின்டனன்ஸ் வேலையில இருந்தவன். அங்க சைட்டில கேத்தல், ட்ரில், எக்ஸ்டென்ஷன் வயர், சாப்பாட்டு ரூமில இருக்கிற டோஸ்டர் எண்டு எல்லாத்திலயும் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், நம்பர், திகதி, செக் பண்ணின ஆளிட கையெழுத்து. ஸ்டிக்கர் இல்லாத சாமான உள்ள கொண்டு போகவே விடமாட்டாங்க. இந்தப் பழக்கம் இங்கிலாந்தில இருந்து வந்தது, பாட் டெஸ்ட் எண்டு சொல்லுவாங்க, தூக்கிக் கொண்டு திரியிற மின்சாரச் சாமான்கள டெஸ்ட் பண்றது எண்டு அர்த்தம். அங்க 1989ஆம் ஆண்டு வேலைத்தள மின்சார ஒழுங்குவிதி ஒண்டு வந்திச்சு, அந்தச் சட்டத்தில வருஷா வருஷம் ஸ்டிக்கர் ஒட்டு எண்டு ஒரு வரியும் இல்ல, ஆபத்து வராத மாதிரி வச்சுப் பராமரி எண்டு தான் இருக்கு, எப்பிடி எண்டதுக்கு வந்த வழி தான் இந்த டெஸ்ட். இப்ப நான் திருகோணமலை உப்புவெளிப் பக்கம் ஒரு கெஸ்ட் ஹவுசில கரண்ட், தண்ணி, ஏசி எல்லாம் பாக்கிறன், அந்தப் பழக்கத்த இஞ்சயும் விடேல்ல.

முதல்ல எங்கட வீட்டு எர்த் எங்க இருந்து வருது எண்டத விளங்கிக் கொள்ள வேணும். சாதாரண சிங்கிள் பேஸ் வீட்டுக்கு ரோட்டுப் போஸ்டில இருந்து வாறது லைவும் நியூட்ரலும் மட்டும் தான். எர்த் எங்கட வளவில நாங்க அடிக்கிற கம்பி. இங்கிலாந்தில கனக்க வீடுகளுக்கு எர்த்தும் சப்ளை கேபிளோடயே வரும், அதால பொடியில லைவ் பட்டா நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாய்ஞ்சு பியூஸ் உடன எரிஞ்சிரும். இஞ்ச அப்பிடி இல்ல, கரண்ட் எங்கட கம்பியால மண்ணுக்குள்ள இறங்கி மண்ணுக்குள்ளால ட்ரான்ஸ்போமருக்குப் போக வேணும். உங்கட எர்த் கம்பிக்கும் மண்ணுக்கும் இடையில தடை 50 ஓம் எண்டு வச்சுக் கொள்ளுங்க, 230 வோல்ட்ட 50ஆல பிரிச்சா 4.6 ஆம்பியர், அது 13 ஆம்பியர் பியூஸ எந்தக் காலத்திலயும் எரிக்காது. அதுக்காகத் தான் ட்ரிப் சுவிட்ச், போன கரண்ட் முழுக்கத் திரும்பி வராட்டி தானா விழுந்து கரண்ட்ட வெட்டுற சுவிட்ச். 30 மில்லி ஆம்பியர் வழி தவறிப் போனாலே 0.3 செக்கனுக்குள்ள விழ வேணும் எண்டது அதிட விதி.

திருகோணமலை மண்ணைப் பத்தியும் சொல்ல வேணும். உப்புவெளி, நிலாவெளி, சாம்பல்தீவுப் பக்கம் எல்லாம் மணல், கச்சான் காத்து அடிக்கிற ஆடி ஆவணியில அந்த மணல் காய்ஞ்சு சுட்டுப் போய்க் கிடக்கும், அப்ப எர்த் கம்பியிட ஓம் ஏறும், கார்த்திகை மழை விழுந்தா இறங்கும். உவர்மலைப் பக்கம் கல்லு, கம்பி முழுக்க இறங்காது, பாதியில நிண்டா மிச்சத்த வெட்டிப் போட்டு விட்டிருப்பாங்க. ஆனா 30 மில்லி ஆம்பியர் ட்ரிப் சுவிட்ச் ஒழுங்கா வேலை செய்தா எர்த் கம்பி கொஞ்சம் மோசமா இருந்தாலும் காப்பாத்தும், கணக்குப் பாத்தா பொடியில 50 வோல்ட்டுக்கு மேல ஏறாம இருக்க 1,600 ஓம் வரைக்கும் தாங்கும். அதுக்காக அவ்வளவு மோசமா விடுங்க எண்டு சொல்லேல்ல. சாமானிட பொடியில இருந்து அந்தக் கம்பி வரைக்கும் பாதை அறுபடாம இருக்க வேணும் எண்டது தான் முதல் விஷயம், அந்தப் பாதையில அடிக்கடி அறுபடுற இடம் பிளக்கும் வயரும் தான், ஏனெண்டா நாங்க ஒவ்வொரு நாளும் இழுக்கிறதும் மடிக்கிறதும் மிதிக்கிறதும் அதத்தான்.

ட்ரிப் சுவிட்ச் இருக்குத் தானே, அதில T எண்டு எழுதின டெஸ்ட் பட்டன அமத்திப் பாத்தன் விழுது, பிறகென்ன பயம் எண்டு கேக்கிற ஆக்கள் கனபேர். அந்தப் பட்டன் சுவிட்ச்சுக்கு உள்ளயே ஒரு ரெசிஸ்டர் வழியாக் கொஞ்சம் கரண்ட்டத் திருப்பி விட்டு, சுவிட்ச்சிட பொறிமுறை வேலை செய்யுதா எண்டு மட்டும் பாக்கும். உங்கட எர்த் கம்பியத் தொடவே தொடாது. வளவில எர்த் கம்பியே இல்லாத வீட்டிலயும் அந்தப் பட்டன் வடிவா வேலை செய்யும். பட்டன மாசத்தில ஒருக்கா அமத்துறது நல்லது தான், உப்புக்காத்தில உள்ள பொறி இறுகிப் போயிரும், ஆனா அது எர்த்துக்கு டெஸ்ட் இல்ல.

இப்ப சாமானிட எர்த் அறுந்திருக்கு, ட்ரிப் சுவிட்ச் மட்டும் நல்லா இருக்கு எண்டு வைப்பம். எர்த் நல்லா இருந்தா பொடிக்கு லைவ் வந்த அந்த நேரமே கரண்ட் எர்த்தால ஓடி சுவிட்ச் விழுந்திரும், பக்கத்தில ஒருத்தரும் இல்லாட்டிலும் விழும். எர்த் அறுந்திருந்தா கரண்ட்டுக்குப் போக வழி இல்ல, பொடி 230 வோல்ட்டில சும்மா காத்துக் கொண்டு நிக்கும், ஆராவது ஈரக்கையோட வெறுங்காலோட தொட்ட பிறகு தான் அவரிட உடம்பு வழியா ஓடி சுவிட்ச் விழும். நனைஞ்ச கையில இருந்து காலுக்குக் கிட்டத்தட்ட 1,000 ஓம் எண்டு எடுத்தாலும் 230 மில்லி ஆம்பியர். சுவிட்ச் விழுற வரைக்கும் அந்த ஆள் தான் எர்த் வயர். சுவிட்ச் பழசாகி இறுகிப் போயிருந்தா, இல்லாட்டி அடிக்கடி விழுகுது எண்டு ஆரோ ஒராள் அதத் தாண்டி நேர வயர் குடுத்திருந்தா, நினைச்சுப் பாக்கவே பயமா இருக்கு. அப்பிடி நேர குடுத்த வீடுகளும் இஞ்ச இருக்கு, நான் பாத்திருக்கிறன்.

எங்கட ஒழுங்கையில ஒரு அக்கா தோசை மா அரைச்சு விக்கிறவ. சில்வர் பொடி கிரைண்டர், நிலம் எப்பவும் ஈரம். ஒருநாள் மா வாங்கப் போன நேரம் அவ கிரைண்டரத் தொட முதல் செருப்பத் தேடுறதப் பாத்திட்டு என்ன அக்கா எண்டு கேட்டன்.

"ஒண்டுமில்ல தம்பி, வெறுங்காலோட தொட்டா கிர்ர்ர் எண்டு இருக்கும், செருப்பு போட்டா இருக்காது."

"எவ்வளவு காலமா அக்கா?"

"மழை தொடங்கினதில இருந்து. அது எல்லாருக்கும் இருக்கிறது தானே தம்பி."

எல்லாருக்கும் இருக்கிறது இல்ல. நான் பிளக்கக் கழட்டிப் பாத்தன். வெளியால பாத்தா நல்ல மூண்டு பின் பிளக். உள்ள பிரவுனும் நீலமும் ஸ்க்ரூவில இறுக்கமா நிக்குது. எர்த் ஸ்க்ரூவுக்குக் கீழ பச்சைக் களிம்பு மாவு மாதிரி படிஞ்சிருக்கு, அதுக்குள்ள ரெண்டு மூண்டு செம்பு நூல் மட்டும் கறுத்துப் போய் நிக்குது, மிச்சம் எல்லாம் அறுந்து கவருக்குள்ள கொட்டிக் கிடக்குது. நிண்ட நூலை டெஸ்டர் நுனியால தட்டினன், அதுவும் உடைஞ்சு விழுந்திச்சு. காரணம் என்னெண்டா பிளக் மாத்தின ஆள் மூண்டு கம்பியையும் ஒரே நீளத்துக்கு வெட்டி, எர்த்த இழுத்துப் பிடிச்சுத் தான் ஸ்க்ரூவுக்குள்ள போட்டிருக்கிறார், வயரப் பிடிக்கிற கிளிப்பும் இறுக்கேல்ல. ஒவ்வொருக்காவும் வயர இழுக்கிற இழுவை முழுக்க அந்த எர்த் கம்பியில தான் விழுந்திருக்கு. பிளக் பூட்டைக்க எர்த்துக்குக் கொஞ்சம் கூட நீளம் விட்டு வளைச்சு வைக்க வேணும், அப்ப தான் வயர் பிய்ஞ்சாலும் முதல்ல லைவ் கழரும், எர்த் கடைசியாக் கழரும். இதச் சொல்லித் தராம ஒருத்தருக்கும் பிளக் பூட்டப் பழக்கக் கூடாது எண்டது எண்ட நினைப்பு.

பிறகு மெகர், இன்சுலேஷன் பாக்கிற மீட்டர், போட்டுப் பாத்தன். மோட்டர்ட வயருக்கும் பொடிக்கும் இடையில 0.4 மெகா ஓம். 230 வோல்ட்டுக்கு அரை மில்லி ஆம்பியருக்குக் கொஞ்சம் கூட வரும், மனுஷனுக்கு உணர்ற அளவு அதுக்குக் கிட்டத்தட்டத் தான் தொடங்கும், அக்காட கிர்ர்ர் அது தான். தண்ணி மோட்டருக்குள்ள இறங்கி இருந்திச்சு. நல்ல வெயில்ல திறந்து வச்சுக் காய விட்ட பிறகு 5 மெகா ஓமுக்கு மேல போயிட்டு. புது பிளக் பூட்டி, எர்த் 0.09 ஓம் காட்டினத அக்காவுக்கும் காட்டினன். அந்தச் சின்னக் கிர்ர் எண்டது எர்த் இல்ல எண்டு சாமான் குடுத்த அறிவித்தல், எர்த் இருந்திருந்தா அந்த அரை மில்லி ஆம்பியர் சத்தம் போடாம எர்த்தால போயிருக்கும். ஆராவது உங்கட வீட்டில "லேசா சொக் அடிக்குது, பரவால்ல" எண்டு சொன்னா தயவு செய்து அந்தச் சாமான அண்டைக்கே பிளக்கக் கழட்டி ஒதுக்கி வையுங்க.

சரி, எத டெஸ்ட் பண்றது. சாமானுக்குப் பின்னால ஒரு தகடு இருக்கும், வோல்ட் வாட் எல்லாம் எழுதின இடம், அதில ஒரு சதுரத்துக்குள்ள இன்னொரு சதுரம் இருந்தா அது டபுள் இன்சுலேஷன், எர்த் தேவையில்ல, போன் சார்ஜர், தலைமயிர் ட்ரையர், கனக்க ட்ரில், இதெல்லாம் அந்த ரகம். அந்தக் குறி இல்லாம இரும்பு, சில்வர், அலுமினியம் வெளியால தெரியிற சாமான், அயன், கேத்தல், ரைஸ் குக்கர், கிரைண்டர், பிரிட்ஜ், டீப் பிரீசர், டேபிள் அவன், தண்ணி மோட்டர், இதெல்லாம் எர்த்த நம்பித் தான் இருக்கு. எக்ஸ்டென்ஷன் வயர மறக்கக் கூடாது, அதில எர்த் போனா அதில குத்தின எல்லாத்துக்கும் எர்த் போயிட்டு.

மீட்டரத் தூக்க முதல் கண்ணால பாக்க வேணும், இங்கிலாந்தில தொழில் பாதுகாப்பப் பாக்கிற அரச நிறுவனமே கூடுதலான பழுது கண்ணுக்கே தெரியும் எண்டு தான் சொல்லுது. பிளக்கில கருக்கல் இருக்கா, வயர் பிளக்குக்குள்ள போற இடத்தில வெளி ரப்பர் பின்னுக்குப் போய் உள் கம்பி தெரியுதா, டேப் சுத்தியிருக்கா, எலி கடிச்சிருக்கா. பிளக்கிட எர்த் பின்னப் பாருங்க, நீட்டான பெரிய பின், அது முழுக்கப் பித்தளையா இருக்க வேணும். மத்த ரெண்டு பின்னிலயும் அடியில கறுப்புப் பிளாஸ்டிக் உறை இருக்கிறது சரி, எர்த் பின்னிலயும் அதே மாதிரி உறை போட்டிருந்தா அது போலிப் பிளக், அந்த உறை சொக்கெட்டுக்குள்ள எர்த் தொடுற இடத்திலயே வந்து நிக்கும். மலிவு வயரில இன்னொரு கள்ளம், வெளியால செம்பு நிறம், கத்தியால சுரண்டினா உள்ள வெள்ளை, அலுமினியத்துக்குச் செம்பு பூசினது. எங்கட உப்புக்காத்துக்கு அது தாக்குப் பிடிக்காது.

இப்ப மீட்டர். சாமானப் பிளக் பொயின்டில இருந்து முழுசாக் கழட்டிப் போட்டு, ஒரு முனைய பிளக்கிட எர்த் பின்னில, மத்த முனைய சாமானிட வெறும் உலோகத்தில. பெயின்ட்டுக்கு மேல வைக்கக் கூடாது, தானா லூசா ஆடுற ஸ்க்ரூவிலயும் வைக்கக் கூடாது, ஒரு இடத்தில மட்டும் பாக்காம வேற வேற உலோகத் துண்டுகள்லயும் பாக்க வேணும். பாட் டெஸ்ட் கணக்குப்படி 0.1 ஓமும் வயரிட சொந்த ஓமும் சேத்து அதுக்குள்ள வர வேணும். 0.75 சதுர மில்லிமீட்டர் வயர் மீட்டருக்கு 26 மில்லி ஓம், ஒண்டரை மீட்டர் கேத்தல் வயர் எண்டா 39 மில்லி ஓம், அப்ப எல்லை 0.14 ஓம். 1.5 வயரில செய்த 10 மீட்டர் எக்ஸ்டென்ஷன் எண்டா வயருக்கே 0.13, எல்லை 0.23. அவுஸ்திரேலியாவில 1 ஓம் வரைக்கும் விடுறாங்க.

ட்ரிப் சுவிட்ச்சுக்கு 1,600 ஓம் வரைக்கும் காணும் எண்டு சொல்லிப்போட்டு இஞ்ச ஏன் 0.1க்கு நிக்கிறாய் எண்டு என்னோட வேலை செய்யிற ஒரு தம்பி கேட்டான், நல்ல கேள்வி. செம்பு வயரிட ஓம் தானா மாறாது. கணக்குக்கு 0.04 வரவேண்டிய கேத்தல்ல 3 ஓம் வருது எண்டா எங்கயோ ஒரு மூட்டு களிம்பு பிடிச்சு, லூசாகி, அறுந்து கொண்டிருக்குது எண்டு தான் அர்த்தம். இண்டைக்கு 3 ஓமில ட்ரிப் சுவிட்ச் விழும் தான், ஆனா இண்டைக்கு 3 காட்டுற மூட்டு அடுத்த மழையில முழுசா விட்டிரும். நான் ஒவ்வொரு சாமானுக்கும் ஓம எழுதி வைக்கிறது அதுக்குத் தான், போன முறை 0.08, இந்த முறை 0.3 எண்டா பிளக்கத் திறந்து பாக்கிறன்.

வாசிக்கிறவங்க கனபேருக்கிட்ட சாதாரண மல்டிமீட்டர் தான் இருக்கும், பீப் சத்தம் வந்தா எர்த் நல்லம் எண்டு விட்டிருவாங்க. பீப் கனக்க மீட்டரில 30, 50 ஓமுக்கே அடிக்கும். ஓம் ரேஞ்சில வச்சாலும் மீட்டரிட ரெண்டு வயருக்கே 0.2, 0.3 ஓம் இருக்கும், முதல்ல ரெண்டு நுனியையும் முட்ட வச்சு வாறத எழுதிக் கழிக்க வேணும். இத விடப் பெரிய பிரச்சினை ஒண்டு இருக்கு. 0.75 வயருக்குள்ள மயிர் மாதிரி 0.2 மில்லிமீட்டர் செம்பு நூல் 24 இருக்கும். 23 அறுந்து ஒண்டு மட்டும் ஒரு சென்டிமீட்டர் தூரத்துக்கு நிக்குது எண்டு வைப்பம், அந்த ஒரு நூலிட ஓம் எவ்வளவு தெரியுமா, 5 மில்லி ஓம் சொச்சம் தான். மீட்டர் 0.05 காட்டினா என்ன 0.045 காட்டினா என்ன, பாஸ் தான். மல்டிமீட்டர் அனுப்புறதும் ஒரு மில்லி ஆம்பியருக்குக் குறைஞ்ச கரண்ட், அந்த நூலுக்கு அது ஒரு பாரமே இல்ல. அதால தான் பெரிய பாட் டெஸ்டர்கள் 10, 25 ஆம்பியர எர்த் வழியா அனுப்பும், அந்தப் பாரத்தில ஒத்தை நூல் சூடாகி எரியப் பாக்கும், எரிஞ்சா ஃபெயில் எண்டு தெளிவாக் காட்டும்.

அந்த மிஷின் இஞ்ச சாதாரண ஹார்ட்வெயார் கடையில கிடைக்காது, கிடைச்சாலும் விலை. பழைய ஆக்கள் செய்த ஒரு வழி இருக்கு, கரண்ட் வேலை தெரிஞ்சவங்க மட்டும் செய்யுங்க. 12 வோல்ட் கார் பட்டரி, எச் ஃபோர் ஹெட்லைட் பல்ப் ஒண்டு, ஹை லோ ரெண்டு பிலமென்ட்டையும் சேத்துக் குடுத்தா 60உம் 55உம் 115 வாட், 9 ஆம்பியர் சொச்சம் ஓடும். பட்டரி பிளஸ்ஸில இருந்து 15 ஆம்பியர் பியூஸ், பிறகு பல்ப், பிறகு சாமானிட எர்த் பின், சாமானிட பொடியில இருந்து பட்டரி மைனஸ். பியூஸ் இல்லாமச் செய்யக் கூடாது, கடைசி வயர பட்டரித் தலையில தொடுக்கக் கூடாது, பொறி பறக்கும், பட்டரியில காஸ் இருக்கும், சாமான் பக்கத்தில தான் கடைசியாத் தொடுக்க வேணும். பல்ப் பிரகாசமா எரியுதா, எரியிற நேரம் பிளக் பக்கத்திலயும் சாமான் பக்கத்திலயும் வயர மெதுவா மடிச்சு மடிச்சுப் பாருங்க, மினுங்கினா உள்ள அறுந்து கொண்டிருக்குது. பிறகு மல்டிமீட்டர வோல்ட்டில போட்டு, கிளிப்பில வைக்காம நேர எர்த் பின்னிலயும் நேர பொடியிலயும் வச்சுப் பாருங்க, 9 ஆம்பியருக்கு 0.14 ஓம் எண்டா 1.26 வோல்ட், அதுக்குள்ள வந்தா நல்லம். இதில மீட்டர் வயரிட ஓம் கணக்கில வராது, அதால சின்ன ஓமையும் வடிவாப் பிடிக்கலாம். சில செக்கன் காணும். கம்பியூட்டர், டிவி மாதிரி எலக்ட்ரோனிக் சாமானுக்கு இத செய்யாதீங்க, அதுகளில எர்த் சின்ன போர்ட்டுக்குள்ளால போகும்.

எர்த் பாத்த பிறகு இன்சுலேஷன். மெகர்ல 500 வோல்ட், லைவையும் நியூட்ரலையும் சேத்து ஒரு பக்கம், எர்த் மத்தப் பக்கம், சாமானிட சுவிட்ச் ஓன்ல இருக்க வேணும், இல்லாட்டி எலிமென்ட்டயே பாக்காம விட்டிருவீங்க. எர்த் உள்ள சாமானுக்கு 1 மெகா ஓமுக்குக் குறையக் கூடாது, டபுள் இன்சுலேஷனுக்கு 2. ஒரு விஷயம், கேத்தல், அவன், அயன் எலிமென்ட்டுக்குள்ள மக்னீசியம் ஒக்சைட் எண்ட வெள்ளைத் தூள் இருக்கு, அது ஈரத்த உறிஞ்சும். மாரி முழுக்கக் குசினித் தட்டில சும்மா கிடந்த டேபிள் அவன தைப்பொங்கலுக்கு எடுத்துப் போட்டா ட்ரிப் சுவிட்ச் விழுகிறது அதால தான். கனபேர் அந்த நேரத்தில செய்யிற வேலை என்ன தெரியுமா, பிளக்குக்குள்ள எர்த் கம்பிய வெட்டி விடுறது, சுவிட்ச் விழாது, பிரச்சினை தீர்ந்தது எண்டு. பிரச்சினை தீரேல்ல, சொல்லுற வாயத் தான் மூடியிருக்கிறாங்க. அந்தச் சாமான வெயிலில சூடாக் காய விட்டு மெகர் வச்சுப் பாருங்க, ஏறினா பாவிக்கலாம், ஏறாட்டி எலிமென்ட்ட மாத்துங்க.

வெளிநாட்டுச் சாமானுக்கு வாறன், இது எங்கட ஊருக்கே உரிய விஷயம். ஜேர்மனி, பிரான்ஸ், சுவிசில இருக்கிற சொந்தக்காரர் லீவுக்கு வரைக்க அயன், கோப்பி மிஷின், கேத்தல் எண்டு நல்ல விலைச் சாமான் கொண்டு வருவாங்க, உண்மையிலேயே நல்ல சாமான். ஆனா ஜேர்மன் பிளக்கில எர்த் பின் இல்ல, பக்கத்தில ரெண்டு தகடு இருக்கும் அது தான் எர்த். பிரெஞ்சுப் பிளக்கில ஒரு ஓட்டை இருக்கும், எர்த் பின் அங்க சொக்கெட்டில இருந்து வரும். நாங்க ரெண்டு ஓட்டை மல்டி பிளக் அடப்டர் ஒண்ட வாங்கி அதக் குத்துறம், ரெண்டு உருண்டைப் பின்னும் வடிவா உள்ள போகுது, சாமான் வேலை செய்யுது, எர்த் எங்கயும் தொடேல்ல. இன்னும் சில வீட்டில அடப்டரும் இல்ல, சொக்கெட்டிட எர்த் ஓட்டைக்குள்ள பேனைய விட்டு ஷட்டரத் திறந்து நேர குத்துறது. அந்த ஷட்டர் லைவ் ஓட்டைக்குள்ள வேற சாமான் போகாம மறைக்க வச்சது, எர்த் பின் நீட்டா இருக்கிறது எர்த் முதல்ல தொட்ட பிறகு தான் லைவ் தொட வேணும் எண்டதுக்காக. பிளக்க வெட்டி, எங்கட 13 ஆம்பியர் சதுரப் பின் பிளக்க மூண்டு கம்பியோட பூட்டிக் குடுங்க, பியூஸயும் சாமானுக்கு ஏத்த மாதிரிப் போடுங்க. சித்தப்பா கொண்டு வந்த சாமானிட பிளக்க வெட்டினா மனம் நோகும் எண்டு பாக்காதீங்க.

சிலர் எர்த் இல்லாத இடத்தில பிளக்குக்குள்ள எர்த்தையும் நியூட்ரலையும் சேத்து ஒரு சின்ன வயர் போட்டு விடுவாங்க. டெஸ்டர் வச்சா பொடியில எரியாது, கேக்க நல்லாத் தான் இருக்கும். நியூட்ரல் ஒரு இடத்தில லூசானா அந்த நேரமே பொடி முழுக்க 230 வோல்ட், பழுது ஒண்டும் இல்லாத சாமானே சொக் அடிக்கும். பழைய உருண்டைப் பின் சொக்கெட்டில லைவும் நியூட்ரலும் மாறிக் கிடந்தாலும் அதே கதை தான். இத ஒருநாளும் செய்ய விடாதீங்க, செய்தவர் எவ்வளவு அனுபவம் உள்ளவரா இருந்தாலும்.

கோயில் திருவிழாக் காலம் வந்தா எனக்கு நெஞ்சு படபடக்கும். தண்ணீர்ப்பந்தல்ல பெரிய ஹீட்டர், பக்கத்தில ஐஸ் தண்ணி, நிலம் முழுக்கச் சேறு, வெறுங்காலோட சனம், இரும்பு மேசை, மூண்டு நாலு எக்ஸ்டென்ஷன் ஒண்டுக்குள்ள ஒண்டு குத்தி சேத்துக்குள்ளால போகும். எங்கட பக்கத்துப் பந்தல் பெடியங்களோட கதைச்சு, முதல் நாளே எல்லா எக்ஸ்டென்ஷனையும் கொண்டு வரச் சொல்லி பட்டரி பல்ப் டெஸ்ட் செய்து, பாஸானதுக்குப் பச்சை டேப், மிச்சத்த அப்பிடியே பிளக்க வெட்டி ஒதுக்கி வச்சம். வெட்டினது கூட, பச்சை டேப் குறைய. கோயில் ஐயா முதல்ல முகத்தச் சுளிச்சார், பிறகு வெட்டின பிளக் ஒண்டத் திறந்து எர்த் ஸ்க்ரூவில கம்பியே இல்லாததக் காட்டினதும், "தம்பி, மடப்பள்ளியிலயும் ஒருக்காப் பாத்து விடுங்கோ" எண்டார். பாத்தம்.

வீட்டில செய்யிறதெண்டா அயன்ல இருந்து தொடங்குங்க, வயர் கூட மடியிறது அதில தான், பிறகு கேத்தல், கிரைண்டர், எக்ஸ்டென்ஷன். ஐப்பசியில மழை தொடங்க முதல் ஒருக்கா, தை கடைசியில ஒருக்கா பாத்தாக் காணும், கடை, சலூன், பேக்கரி எண்டா அத விடக் கூட. பிரிட்ஜ், டீப் பிரீசர், தண்ணி மோட்டர், வளவில இருக்கிற எர்த் கம்பி, சொக்கெட் பக்கத்து எர்த், இதெல்லாம் லைசன்ஸ் உள்ள எலக்ட்ரீசியன வச்சு எர்த் மீட்டரோட பாக்க வேண்டியது. வாற ஆள் டெஸ்டர் மட்டும் கொண்டு வந்தா, உங்கட மீட்டர் எங்க எண்டு கேளுங்க. மீட்டர் உள்ள ஆள் எண்டா ஓம எழுதித் தரச் சொல்லி மெயின் சுவிட்ச் பொக்ஸ் கதவுக்கு உள்ளால ஒட்டி வையுங்க, அடுத்த முறை வாற ஆளுக்கு அது உதவும்.